இயற்பெயரும் புனைபெயரும்: ஈழத்துத் தமிழ் எழுத்தை முன்வைத்துச் சில கருத்துகள்

பாமன்கடைச் சந்தியிலிருந்து வெள்ளவத்தைக் காலி வீதிக்குச் செல்லும் டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை, தம் இயற்பெயரிலேயே எழுதிப் புகழெய்திய சிங்கள நாவலாசிரியர் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவ்வீதி சென்றடையும் வெள்ளவத்தையில் இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலக அடுக்குகளிலோ நாம் காணும் பெயர்களுட் பல வேறு வகையின. இலங்கையர்கோன், மஹாகவி, நீலாவணன், செங்கை ஆழியான் என்னும் இவற்றுள் ஒன்றேனும் பெற்றோர் இட்ட பெயரன்று. த. சிவஞானசுந்தரம், து. உருத்திரமூர்த்தி, கே. சின்னத்துரை, க. குணராசா என்போர் தாமே பூண்டுகொண்ட பெயர்கள் அவை.

பொதுவிடயங்களிற் கருத்துரைப்போர் அனைவரும் தம் இயற்பெயரை வெளியிடல் வேண்டும் என்ற குரல் அண்மைக்காலத்தில் ஓங்கி ஒலிக்கின்றது. பெயரை மறைப்பவர் பொறுப்பையும் மறைக்கின்றார் என்பது அத்தரப்பினரின் வாதம். புனைபெயர் எழுத்தாளரின் உரிமை, அதுபற்றி எவரும் வினவலாகாது என்பது மறுதரப்பினரின் வாதம். இவ்விரண்டும் பிரச்சினையின் மையத்தைத் தொடவில்லை என்பதே நமது கருத்து. அதனை நமது சமூக வரலாற்றின் துணைகொண்டு விளக்க முற்படுவோம்.

முதற்கண் மூன்று நிலைகளை வேறுபடுத்திக் கொள்ளல் தகும். இயற்பெயர் என்பது பிறப்புப் பதிவிலும் அடையாள அட்டையிலும் உள்ள பெயர். புனைபெயர் என்பது ஒருவர் விரும்பிப் பூண்டு, பலகாலம் தொடர்ந்து தாங்கி, அதன்வழி வரும் புகழையும் பழியையும் ஏற்கும் பெயர். மூன்றாவது பெயரின்மை. நமது பேச்சுவழக்கில் மொட்டைக் கடிதம் எனப்படுவது இதுவே. மொட்டைக் கடிதம் எழுதுபவருக்கு நேற்றும் இல்லை, நாளையும் இல்லை. ஒரே நாளில் ஒன்பது பெயர்களில் எழுதி ஒன்பதையும் கைவிடுபவரும் இவ்வகையினரே. புனைபெயரையும் பெயரின்மையையும் ஒன்றெனக் கொள்வதே விவாதத்தின் குழப்பங்களுக்கு மூலமாகும்.

புனைபெயர் எப்பொழுதும் மறைப்பதற்கு உரியது எனக் கருதுவதும் பிழை. நீலாவணன் என்னும் பெயர் கிழக்கிலங்கையின் பெரியநீலாவணையை நினைவூட்டுவது. தெளிவத்தை ஜோசப் தம் பெயரின்முன் மலையகத்துத் தோட்டம் ஒன்றின் பெயரை இணைத்துக்கொண்டார். தமிழகத்துச் சஞ்சிகைகளே ஈழத்து வாசகரிடையே மேலோங்கியிருந்த காலப்பகுதியில், இப்பெயர்கள் எழுதுவோரின் மண்ணைப் பறைசாற்றின. இவை மறைத்தவற்றினும் வெளிப்படுத்தியவையே மிகுதி எனலாம்.

இயற்பெயர் நடுநிலையானது என்ற எண்ணமும் ஆய்வுக்குரியது. நமது சமூகத்தில் ஒருவரின் பெயர் அவர்தம் மதத்தையும் இனத்தையும், பல வேளைகளிற் பிரதேசத்தையும் சாதியையும், சொல்லாமலே சொல்லிவிடும். மேற்சாதியினர் சூடிய பெயர்களைத் தம் பிள்ளைகளுக்குச் சூட்ட இயலாத நிலையில் ஒடுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த காலமும் யாழ்ப்பாணத்தில் இருந்தது. அத்தகையோர்க்குத் தாமே ஒரு பெயரைத் தேர்ந்துகொள்வது பிறர் இட்ட அளவுகோலை மறுக்கும் செயலாகும். பெண்களின் நிலையும் இதனோடு ஒப்பவைத்து நோக்கத்தக்கது. 1986இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த 'சொல்லாத சேதிகள்' என்னும் பெண்கவிஞர் தொகுப்பில் இயற்பெயரில் எழுதியோரும் ஊர்வசி முதலிய புனைபெயர் பூண்டோரும் அருகருகே இடம்பெற்றனர். குடும்பமும் ஊரும் கண்காணிக்கும் சூழலில், சிலர்க்குப் பேசத் தொடங்குவதற்கே ஒரு புதுப்பெயர் தேவைப்பட்டது.

உத்தியோகமும் இங்குக் கருதத்தக்கதோர் அம்சமாகும். மேலே குறிப்பிட்ட நால்வரும் அரச உத்தியோகத்தராகவோ ஆசிரியராகவோ வாழ்ந்தவர்கள். அவர்கள் அச்சத்தினாலேயே புனைபெயர் பூண்டனர் என நாம் கூறவில்லை. ஆயினும் அரச சேவையாளரின் வெளிப்பாட்டுக்குத் தாபன விதிக்கோவை எல்லை வகுத்திருந்தது என்பதை மறத்தலாகாது. 2022 செப்டெம்பரில் வெளியான அரச சுற்றறிக்கை ஒன்று, அரச உத்தியோகத்தர் சமூக ஊடகங்களிற் கருத்துத் தெரிவிப்பதையும் அவ்விதிகளின் வரம்புக்குள் கொணர்ந்தது. மத்தியதர வர்க்கத்தின் பெரும்பகுதி அரச சம்பளத்தில் வாழும் நாட்டில், இயற்பெயரில் மட்டுமே பேசலாம் என்பது அவ்வர்க்கத்தின் பெரும்பகுதியை மௌனிக்கச் செய்வதாகும்.

இயற்பெயர் கொடிய விளைவுகளைத் தந்த சந்தர்ப்பங்களும் உள. 1983 யூலை வன்செயல்களின்போது வெள்ளவத்தை உள்ளிட்ட கொழும்பின் பகுதிகளில் வன்முறைக் கும்பல்கள் வாக்காளர் இடாப்பின் துணைகொண்டு தமிழர் வீடுகளை இனங்கண்டமை பலராலும் பதிவுசெய்யப்பட்டுள்ளது. வாக்குரிமையை உறுதிசெய்யவென மக்கள் நேர்மையாகக் கொடுத்த பெயர்களின் பட்டியலே வீடுகளை எரிப்பதற்கு வழிகாட்டியாயிற்று. பின்னர் போர்க்காலத்தில் இதே பகுதியில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பொலிஸ் நிலையத்தில் தம் பெயர்களைப் பதிய வேண்டியிருந்தது. எனவே, இயற்பெயரைத் தருக என்று கேட்கும்போது, அப்பெயர் எந்தப் பட்டியலிற் சேர்கின்றது, அப்பட்டியல் நாளை எவர் கையிற் சேரும் என்னும் வினாக்களும் உடன் எழுகின்றன.

இவ்வினாக்கள் அரசை நோக்கி மட்டும் எழுபவை அல்ல. 1985இல் 'புதியதோர் உலகம்' நாவல் கோவிந்தன் என்னும் புனைபெயரில் வெளிவந்தது. இயக்கம் ஒன்றின் உட்கொலைகளையும் சித்திரவதைகளையும் அதனுள்ளிருந்து வெளியேறியவர் எடுத்துரைத்த நூல் அது. அதனை இயற்பெயரில் எழுதியிருக்கலாமே என்று வினவுவோர் அக்காலச் சூழலை அறியாதவராவர். மறுபுறத்தில், 'முறிந்த பனை' நூலை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர் நால்வர் தம் இயற்பெயர்களிலேயே எழுதினர். அவர்களுள் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21ஆந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். நூல் அவர் மறைவின் பின்னரே வெளிவந்தது. இயற்பெயர் அந்நூலுக்குத் தந்த சான்றாண்மை பெரிது. அதற்குக் கொடுக்கப்பட்ட விலையும் பெரிது. அவ்விலையைத் தாமே கொடுக்க முன்வருவோரை நாம் போற்றலாம். பிறரிடம் அதனைக் கட்டாயமாகக் கோரும் உரிமை எவர்க்கும் இல்லை.

புனைபெயர் என்றும் கவசமாகும் என்பதும் உண்மையன்று. 1989 முதல் ஆங்கிலப் பத்திரிகையில் 'தராக்கி' என்னும் பெயரில் அரசியற் கட்டுரைகள் எழுதிய தர்மரத்தினம் சிவராமின் இயற்பெயர் நாளடைவில் யாவரும் அறிந்ததாயிற்று. 2005 ஏப்பிரல் 28ஆந் திகதி பம்பலப்பிட்டியிற் கடத்தப்பட்ட அவர், மறுநாள் பாராளுமன்றத்துக்கு அண்மையிற் சடலமாகக் கண்டெடுக்கப்பட்டார். ஆயினும் தராக்கி என்ற பெயரே அக்கட்டுரைகளின் நம்பகத்தன்மைக்கு ஆதாரமாக விளங்கியது என்பது மனங்கொளத்தக்கது. வாசகர் அப்பெயரின் முன்னைய கூற்றுகளைப் பின்னைய நிகழ்வுகளோடு ஒப்பிட்டே அதனை மதித்தனர். நிலையான புனைபெயர் பொறுப்பைத் தாங்கவல்லது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இயற்பெயரை வற்புறுத்துவோரின் கவலைகளிலும் நியாயம் உண்டு. பெயர் சுட்டி ஒருவரைத் தாக்குபவர் தம் பெயரை மறைத்தல் சமமற்ற போராகும். தம் நூலைத் தாமே வேற்றுப்பெயரிற் பாராட்டுதல் வாசகரை ஏமாற்றுவதாகும். பெண்கள் பேசவேண்டிய இடத்தில் ஆண்கள் பெண்பெயரில் பேசுதலும் அவ்வகையினதே. ஆனால் இக்கேடுகளுக்குச் சட்டத்தால் வரும் கட்டாயம் மருந்தாகுமா? தென் கொரியாவின் அனுபவம் இங்குப் பயன்படும். பெரிய இணையத்தளங்களிற் கருத்து எழுதுவோர் தம் அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும் என்னும் விதி அங்கு 2007இல் நடைமுறைக்கு வந்தது. 2011இல் அந்நாட்டின் நிறுவனம் ஒன்றிலிருந்து ஏறத்தாழ மூன்றரைக் கோடிப் பயனாளரின் விபரங்கள் திருடப்பட்டன. 2012 ஓகஸ்டில் அரசியலமைப்பு நீதிமன்றம் அவ்விதி செல்லாதென ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. விதியினால் இழிமொழி கணிசமாகக் குறைந்தமை புலனாகவில்லை என்பது தீர்ப்பின் காரணங்களுள் ஒன்று. கொழும்பில் வாக்காளர் இடாப்புக்கு நேர்ந்ததும் கொரியாவில் பயனாளர் விபரங்களுக்கு நேர்ந்ததும் தன்மையால் வேறாயினும், திரட்டப்பட்ட பட்டியல் திரட்டியோர் கையிலேயே நிலைப்பதில்லை என்னும் ஒரே பாடத்தையே தருகின்றன.

ஆகவே ஓர் எழுத்தை மதிப்பிடும்போது, இது எவருடைய இயற்பெயர் என்னும் வினாவினும், இப்பெயர் தன் சொல்லுக்குப் பொறுப்பேற்கின்றதா என்னும் வினாவே முதன்மையானது. நேற்றுச் சொன்னதற்கு இன்று விடை கூறுகின்றதா? பிழை காட்டப்படின் திருத்திக் கொள்கின்றதா? தான் எந்த நலனின் சார்பிற் பேசுகின்றது என்பதை மறைக்காதிருக்கின்றதா? இவற்றுக்கு ஆம் எனில் புனைபெயரும் மெய்ப்பெயரே. இல்லையெனில் இயற்பெயராலும் பயனில்லை. பழைய பத்திரிகை மரபில் ஆசிரியர் புனைபெயரின் பின்னுள்ளவரை அறிந்திருந்தார். வாசகர் ஆசிரியரை அறிந்திருந்தனர். இத்தகைய நம்பிக்கைச் சங்கிலியை இன்றைய ஊடகங்களிற் புதுவடிவில் அமைப்பதே செய்யத்தக்கது.

ஆய்வாளராகிய நமக்கும் இதில் ஒரு கடமை உண்டு. நூல்விபரப் பட்டியல்களும் 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம ஆவணகமும் ஈழத்து எழுத்துகளைத் தொகுத்துவரும் இக்காலத்தில், புனைபெயர்க்கு உரியவரைக் கண்டறிதல் இலக்கிய வரலாற்றுக்கு இன்றியமையாத பணியாகும். ஆயினும் கண்டறிந்த அனைத்தையும் உடனே வெளியிடல் கடமையன்று. எழுதியவர் வாழும்வரை, அவர் இசைவு இல்லாதவிடத்து, அவர் பூண்ட பெயரையே பதிதல் வேண்டும். பெயர்ப்பட்டியல் என்ன செய்யும் என்பதைக் கண்ட நகரொன்றில் வாழும் நாம், இன்னொரு பட்டியலை எழுதுமுன் சற்றே நின்று சிந்தித்தல் தகும்.