முதலில் பட்டியல், பிறகு கொடை

வகுப்பறைக்கு வந்த வழி – 11

சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் 1920-ல், மாநகராட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் காலத்தில் தொடங்கிய மதிய உணவைச் சென்ற வாரம் பார்த்தோம். பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவைத் தாண்டக் கூடாது என்ற கணக்கோடு தொடங்கிய ஏற்பாடு அது. தொடக்கக் கல்வி நிதியைச் சோற்றுக்குச் செலவிடக் கூடாது என்று ஆங்கில அரசு தடுத்ததால் 1925-ல் தடைபட்டது. சென்னையைத் தாண்டி ஊர் ஊராகப் பள்ளிச் சோறு பரவுவதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. பரவியபோது அதைத் தூக்கி நிறுத்தியவர்கள் ஊர்க்காரர்கள்தான்.

காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலையை ‘பிடி அரிசிப் பள்ளி’ என்பார்கள். உலை வைக்கும்போது வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி எடுத்துத் தனியே போடுவார்கள். சேர்ந்த அரிசியை விற்ற காசு பள்ளிக்குப் போகும். இல்லாதவர் வீட்டிலும் ஒரு பிடிக்கு வழி உண்டு என்பதைச் சிறுவயதிலேயே பார்த்து வளர்ந்தவர் முதலமைச்சர் ஆனார். பசியோடு வரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது, பல பிள்ளைகள் பசியால் பள்ளிக்கே வருவதில்லை என்ற பேச்சு எழுந்தபோது, கருவூலத்தை மட்டும் நம்பி அவர் உட்கார்ந்திருக்கவில்லை.

1956-ல் எட்டயபுரத்தில் பகல் உணவு தொடங்கியது. அப்போது அது முழுக்க ஊர் மக்களின் கொடையில் நடந்தது. அடுத்த ஆண்டு அரசு மானியம் வந்தது. ஒரு பிள்ளையின் ஒரு வேளைச் சோற்றுக்குப் பத்து நயா பைசா என்று கணக்குப் போட்டு, ஆறை அரசும் நாலை உள்ளூரும் ஏற்பது என்று முடிவானது. பணமாகத் தர முடியாதவர்கள் அரிசியாக, விறகாக, காய்கறியாகத் தந்தார்கள். அந்த நாலு நயா பைசாவின் மதிப்பு பெரியது. பள்ளியில் இன்று சோறு வெந்ததா, சாம்பாரில் பருப்பு இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும் உரிமையையும் கடமையையும் அது ஊருக்குத் தந்தது.

இந்தத் திட்டத்துக்குக் கை கால் முளைக்க வைத்தவர் அன்றைய பொதுக் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு. சோற்றோடு அவர் நிற்கவில்லை. ‘பள்ளிச் சீரமைப்பு மாநாடு’ என்றொரு வழியைக் கொண்டுவந்தார். முதல் மாநாடு 1958-ல் செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் கூடியது. அங்கிருந்து மாவட்டம் மாவட்டமாகப் பரவியது.

அதன் முறையை இன்று கொடை கொடுக்க நினைக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். மாநாட்டுக்கு முன்பே ஒவ்வொரு பள்ளியிலும் என்ன இல்லை என்று கணக்கெடுப்பார்கள். கரும்பலகை, பெஞ்சு, சுவர்க் கடிகாரம், நிலப்படம், தண்ணீர்ப் பானை, சாப்பாட்டுத் தட்டு, ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை, புத்தகம், சிலேட்டு. ஒவ்வொன்றுக்கும் எதிரே எவ்வளவு ஆகும் என்று எழுதுவார்கள். பிறகுதான் ஊராரைக் கேட்பார்கள். வசதி உள்ளவர் வகுப்பறை கட்டித் தந்தார், நிலம் எழுதிக் கொடுத்தார். இல்லாதவர் தட்டும் தம்ளரும் வாங்கித் தந்தார். பட்டியல் முதலில், கொடை பிறகு. கொடுத்த பொருள் மூலையில் கிடக்காமல் இருக்க அந்த வரிசையே வழி.

பின்னர் வந்த அரசுகள் ஊரின் பாரத்தைப் படிப்படியாகத் தங்கள் தோளில் ஏற்றிக்கொண்டன. 1982 ஜூலை 1-ல் திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். 2022 செப்டம்பரில் மதுரையில் மு.க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பாடநூல், புத்தகப்பை, காலணி, சீருடை என்று அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு இன்று கிடைப்பவை பல. இதைக் காட்டி, ‘அதான் அரசாங்கமே எல்லாம் குடுக்குதே’ என்கிறார்கள். பள்ளிக்கூட வாசலை மிதித்துப் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

காலை உணவு ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. சத்துணவு பத்தாம் வகுப்போடு முடிகிறது. இலவசச் சீருடை எட்டாம் வகுப்போடு முடிகிறது. வளரும் பிள்ளைக்கு வயிறும் துணியும் அதிகம் தேவைப்படும் வயதில் உதவி ஒவ்வொன்றாக நிற்கிறது. பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்தால்தான் மதியச் சோறு. அம்மா விடியற்காலையில் வேலைக்குப் போய்விடுகிற வீட்டில் டிபன் பாக்ஸ் நிரம்புவது நிச்சயமில்லை. அறிவியல் பிரிவு என்றால் பிராக்டிக்கல் ரெக்கார்டு நோட்டு வேறு வாங்க வேண்டும்.

ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் மாலை ஐந்து மணிக்கு நான் பார்த்ததைச் சொல்கிறேன். பொதுத்தேர்வுச் சிறப்பு வகுப்புக்கு நடுவே அந்தப் பள்ளியின் பழைய மாணவர்கள் எவர்சில்வர் அண்டாவில் சுண்டல் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒரு நாள் கொண்டைக்கடலை, ஒரு நாள் தட்டைப்பயறு. பேனர் இல்லை, மேடை இல்லை. கணக்கு ஆசிரியர் கரண்டியைக் கையில் எடுத்தார். கடைசி பெஞ்சில் இருந்த பெண்ணுக்கு இன்னொரு கரண்டி சேர்த்துப் போட்டுவிட்டு, அவள் பக்கமே திரும்பாமல் அடுத்தவளிடம் போனார். அந்தப் பெண் மதியம் சாப்பிடவில்லை என்பது அவருக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை என்பதும் தெரியும்.

வேறோர் ஊரில் நடந்த விழாவும் மனத்தில் இருக்கிறது. நோட்டு வாங்குவதற்காகப் பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். சிறப்பு விருந்தினர் வந்து சேரத் தாமதமானது. ஒவ்வொரு பிள்ளையும் மேடையேறி, நோட்டைப் பிடித்தபடி கேமராவைப் பார்க்க வேண்டியிருந்தது. அத்தனையும் நாற்பது பக்க நோட்டு. அந்தப் பள்ளி கேட்டிருந்தது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி. கொடுத்தவர்களின் மனசு நல்ல மனசுதான். கேட்டுவிட்டுக் கொடுத்திருந்தால் அதே பணம் பிள்ளைகளின் உடம்பில் ஏறியிருக்கும்.

ஏழைப் பிள்ளை என்று பெயர் சொல்லி அழைத்துக் கொடுப்பதைவிடக் கொடுக்காமலே இருக்கலாம். வகுப்புக்கே பொதுவாகக் கொடுங்கள். முடியாதபோது வகுப்பாசிரியர் கையில் கொடுத்துவிடுங்கள். யாருக்கு எது இல்லை என்பது அவருக்குத் தெரியும். பிறந்தநாளுக்கு ஒரு வேளை விருந்து போடுவதில் தவறில்லை. ஆனால் வாரத்துக்கு ஒரு மாலை என்று ஆண்டு முழுக்கத் தரும் சுண்டல் அதைவிடப் பெரிய கொடை.

பள்ளி திறக்கும் ஜூனில்தான் எல்லோருக்கும் கொடுக்கத் தோன்றுகிறது. ரெக்கார்டு நோட்டும் மாலைப் பசியும் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகுதான் அழுத்துகின்றன. அதனால் இந்த வாரமே உங்கள் ஊர் அரசுப் பள்ளிக்குப் போங்கள். தலைமையாசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுவையும் பாருங்கள். ‘என்ன கொண்டுவரட்டும்?’ என்று கேட்டு, அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலில் உங்களால் முடிந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆண்டு முடியும்வரை விடாமல் செய்யுங்கள்.

(தொடரும்)