கடல் சுண்டிய தடம்

தூத்துக்குடி உப்பளத்தில் கடல்நீர் வெயிலில் சுண்டும்போது எல்லா உப்பும் ஒன்றாகப் படிவதில்லை. முதலில் சுண்ணாம்பு, அடுத்து ஜிப்சம். நீர் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக வற்றிய பிறகே சோற்றுப்பு. மக்னீசியமும் பொட்டாசியமும் கடைசிவரை கசப்புநீரிலேயே தங்கிவிடும். இதே வரிசையைப் பாறையில் கண்டால், இங்கே கடல் சுண்டியது என்று புவியியலாளர் சொல்லிவிடுவார். எவ்வளவு ஆழத்தில் சுண்டியது என்பதில்தான் வம்பு.

1970-இல் ‘குளோமர் சாலஞ்சர்’ கப்பல் மத்தியதரைக் கடலின் தரையைத் துளையிட்டது. கென்னத் ஷூ, வில்லியம் ரயன் இருவரும் தலைமை விஞ்ஞானிகள். இரண்டரை கிலோமீட்டருக்கும் ஆழமான இடத்திலிருந்து ஏறிவந்த பாறைத்தண்டில் வெள்ளை அன்ஹைட்ரைட் உருண்டைகள் நெருக்கியடித்துக் கிடந்தன. அன்ஹைட்ரைட் என்பது நீர் சேராத ஜிப்சம். உருண்டைகளுக்கு நடுவே கருஞ்சேறு மெல்லிய கோடுகளாய் ஓட, பார்க்கக் கோழிக்கூண்டின் கம்பிவலை போலவே இருக்கும்.

அந்த வலையைப் புவியியலாளர்கள் ஏற்கெனவே அபுதாபிக் கரையோர உவர்நிலத்தில் பார்த்திருந்தார்கள். அங்கே மண்ணுக்கடியில் ஊறும் உவர்நீரை வெயில் மேலே இழுக்கிறது. சேற்றுக்குள்ளேயே உருண்டை வளர்ந்து, சேற்றை ஓரத்துக்குத் தள்ளுகிறது. போதாததற்கு, பாறைத்தண்டில் அலையலையாய் அடுக்கிய ஸ்ட்ரோமட்டோலைட்டும் இருந்தது. ஒளியை உண்டு வாழும் நுண்ணுயிர்ப் படலங்களின் வேலை அது. இருட்டான ஆழ்கடலில் அதற்கு என்ன வேலை?

சுமார் 59 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அட்லாண்டிக்குடனான வழி அடைபடத் தொடங்கி, மத்தியதரைக் கடலே வற்றிப்போனது என்றார்கள் ஷூவும் ரயனும். கேட்டவர்கள் சிரித்திருந்தால் குற்றமில்லை. ஆனால் கணக்கு இன்னும் விசித்திரம்: அந்தக் கடல் ஒருமுறை முழுதாய் வற்றினால் சராசரியாக 25 மீட்டர் உப்புதான் மிஞ்சும். அடியிலோ சில இடங்களில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் உப்பு. அப்படியானால் அட்லாண்டிக் நீர் உள்ளே வந்துகொண்டே இருந்திருக்க வேண்டும்.

கம்பிவலையை மட்டும் நம்பக்கூடாது. மண்ணில் புதைந்த ஜிப்சம் சூட்டில் நீரிழக்கும்போதும் அதே வடிவம் வரும். அதனால்தான் கடல் முழுக்க வற்றியதா, அடர்ந்த உவர்நீர் ஆழமாகவே நின்றதா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை.

நீர்மட்டம் பெரிதும் இறங்கியது என்பதற்கு வேறொரு சாட்சி எகிப்தில் இருக்கிறது. கடலிலிருந்து ஆற்றுவழியே ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், அஸ்வான் அணைக்காகத் துளையிட்ட ரஷ்யப் புவியியலாளர் சுமாகோவ், நைல் நதிக்கு அடியில் மூடுண்ட ஆழமான பள்ளத்தாக்கைக் கண்டார். இறங்கிப்போன கடலைத் துரத்திக்கொண்டு நைல் அரித்த பள்ளம் அது. உள்ளே நிரம்பியிருந்தது, பிறகு திரும்பிவந்த கடலின் வண்டல்.