திருச்சியில் கடைசியாகப் பார்க்கும் இரண்டு இடங்கள்

வெளியூர் நண்பர்கள் திருச்சிக்கு ஒரு பட்டியலோடு வருவார்கள். மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருவானைக்காவல். நேரம் இருந்தா முக்கொம்பும் கல்லணையும். கடைசி இரண்டும் பிக்னிக் போற இடம்தானே என்று விட்டுவிடுவார்கள். என்னைக் கேட்டால், அந்த இரண்டையும் பார்க்காமல் மற்ற மூன்றும் முழுசாகப் புரியாது.

முதலில் மலைக்கோட்டை ஏறுங்கள். வழியில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த மேல் குடைவரையில், கங்கையைச் சடையில் ஏந்தும் சிவன் நிற்கிறார். காவிரியின் அழகில் சிவன் மயங்கிவிடுவாரோ என்று பயந்து உமை இந்த மலையிலேயே தங்கிவிட்டாள் என்கிறது அங்குள்ள கல்வெட்டு. சுமார் 1400 வருஷத்துக்கு முன்பே பேச்சு ஆற்றைப் பற்றித்தான்!

உச்சிப்பிள்ளையார் சந்நிதிக்கு வெளியே நின்று வடக்கே பாருங்க. முதலில் காவிரி, பிறகு தென்னந்தோப்புகள், 1987இல் கட்டி முடித்த 236 அடி ராஜகோபுரம், அதற்கும் அப்பால் கொள்ளிடம். ஸ்ரீரங்கம் ஒரு தீவு என்பது இங்கேதான் கண்ணுக்குத் தெரியும்.

தீவின் மேற்கு முனை முக்கொம்பு. ஆறு இரண்டாகப் பிரியும் இடம். கொள்ளிடத்துக்குச் சரிவு அதிகம்; தண்ணீர் அந்தப் பக்கமே ஓடப் பார்க்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியில் மணல் மேடிட்டு, தஞ்சை வயல்களுக்குப் போகும் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. அதைத் தடுக்கத்தான் ஆர்தர் காட்டன் 1836இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டத் தொடங்கினார். கிழக்கே கல்லணைக்கும் வேலை அதுதான்: இரண்டு ஆறுகளும் மறுபடி நெருங்கும் இடத்தில், காவிரித் தண்ணீர் கொள்ளிடத்தில் விழுந்துவிடாமல் காப்பது. கரிகாலன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அணை அது.

ரொம்பப் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2018 ஆகஸ்ட் 22 இரவு, வெள்ளத்தில் மேலணையின் 9 மதகுகள் உடைந்து விழுந்தன. தண்ணீரைத் திருப்ப மணல் மூட்டைகளை அடுக்க வேண்டியிருந்தது. பிறகு புது அணையே கட்டினார்கள்.

ஒரு யோசனை: மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்த பிறகு வாருங்கள். கோடையில் வந்தால் மணல்தான் தெரியும். இரண்டு நாள் கிடைத்தால் ஒரு நாளைக் கோயில்களுக்குக் கொடுங்க. இன்னொன்றை முக்கொம்பில் ஆரம்பித்துக் கல்லணையில் முடிங்க.