ஸ்டேஷனுக்கு வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்

இரவு பதினொன்றரை மணிக்கு அந்த அம்மா காவல் நிலைய வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் மகனின் மருந்துச் சீட்டுகள், பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, ஓரம் கிழிந்த ஓ.பி. நோட்டு. மகன் உள்ளே இருந்தான். மூன்று வாரமாக மாத்திரை சாப்பிடாதவன், அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுக் கதவைக் கல்லால் அடித்திருக்கிறான். பயந்துபோன அம்மாவே 100-க்குப் போன் செய்தார். வந்த காவலர்கள் அவன் கைகளைத் துண்டால் பின்பக்கம் கட்டி ஜீப்பில் ஏற்றினார்கள். "காலையில பாத்துக்கலாம்மா, மெண்டல் கேஸை இந்நேரத்துல எங்க கொண்டுபோறது?" என்றார் பணியில் இருந்த ஏட்டு. அந்தப் பையை வாங்கிப் பார்க்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

சட்ட உதவி முகாம்களில் உட்காரும் எனக்கு இது பழகிப்போன கதை. இதன் வேறு வடிவங்களும் உண்டு. தெருவில் திரியும் பெண்ணை, "நம்ம லிமிட்ல வேண்டாம்" என்று பஸ் ஏற்றி அடுத்த மாவட்டத்துக்கு அனுப்பிவிடுவார்கள். விஷம் குடித்தவரை, "கேஸ் ஆகிவிடும்" என்று பயந்து வீட்டிலேயே வைத்துப் பார்ப்பார்கள். கத்தி எடுத்த பையனை ஊரே கூடி அடித்து, ரத்தக் காயத்தோடு ஸ்டேஷனில் ஒப்படைக்கும். இவற்றில் பலவற்றில் சட்டம் மீறப்படுகிறது. மீறுகிறவர்களுக்கு அது சட்ட மீறல் என்பதே தெரியவில்லை. என் கோபமெல்லாம் அதில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 100-ஆவது பிரிவு முக்கியமாகக் காவல் துறைக்காக எழுதப்பட்டது. தன்னைப் பார்த்துக்கொள்ள இயலாமல் சுற்றித் திரியும் மனநோயாளியையும், நோயின் காரணமாகத் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருப்பவரையும் பாதுகாப்பில் எடுப்பது நிலைய அலுவலரின் கடமை. இது கைது அல்ல. சட்டம் பயன்படுத்தும் சொல்லே பாதுகாப்பு. எதற்காக அழைத்துச் செல்கிறோம் என்று அவரிடம் சொல்ல வேண்டும். அவரால் புரிந்துகொள்ள முடியாதென்றால் அவர் சார்பில் பேச நியமிக்கப்பட்டவரிடம், அதாவது நியமனப் பிரதிநிதியிடம், சொல்ல வேண்டும். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அடுத்த வரியை ஒவ்வொரு ஸ்டேஷன் சுவரிலும் பெயிண்டில் எழுதிவைக்கலாம்: இப்படிப் பாதுகாப்பில் எடுத்தவரை எந்தச் சூழ்நிலையிலும் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. ராத்திரி என்றாலும், ஜீப் இல்லை என்றாலும், ஆள் பற்றாக்குறை என்றாலும் கூடாது. 24 மணி நேரம் என்பது கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கான கடைசி எல்லை. அதுவரை கம்பிக்குள் வைத்திருக்கலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

வீடு இல்லாதவராகவோ தெருவில் திரிபவராகவோ இருந்தால், காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதும் நிலைய அலுவலரின் பொறுப்பு. பஸ் ஏற்றி அனுப்புவதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. பரிசோதித்த மருத்துவர் உள்நோயாளியாகச் சேர்க்கத் தேவையில்லை என்று சொன்னால், அவரை வீட்டில் கொண்டுபோய் விடுவதும் காவல் துறையின் வேலைதான். வீடற்றவரென்றால் அரசு காப்பகத்தில் சேர்க்க வேண்டும்.

இன்னொரு பழைய குழப்பம் இன்றும் ஆளை அலைய வைக்கிறது. 1987-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில், காவலர்கள் முதலில் மாஜிஸ்திரேட்டிடம் ஆஜர்படுத்தி உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. புதிய சட்டத்தில் நேரே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆனாலும் சில ஸ்டேஷன்களில் "கோர்ட் ஆர்டர் வாங்கிட்டு வாங்க" என்கிறார்கள். சில மருத்துவமனைகளில் நைட் டியூட்டி டாக்டரும் அதையே கேட்கிறார். கையில் கல்லோடு நிற்கும் மகனை விட்டுவிட்டு எந்தத் தாய் கோர்ட்டுக்குப் போவாள்? பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யும் பொறுப்பு மருத்துவமனைப் பொறுப்பு மருத்துவருடையது என்று இதே 100-ஆவது பிரிவு சொல்கிறது. உயிருக்கு ஆபத்தான அவசர நிலையில், பதிவுபெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை அவசரச் சிகிச்சை தரலாம் என்கிறது 94-ஆவது பிரிவு.

பயிற்சி எங்கே?

காவலர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. எட்டு மணி நேரம் பந்தோபஸ்து நின்றுவிட்டு வந்த இளம் காவலரிடம், தனக்கு மட்டும் கேட்கும் குரலோடு சண்டையிடும் ஒருவரைச் சமாளிக்கச் சொல்கிறோம். எப்படி என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? காவல் அதிகாரிகளுக்குக் குறிப்பிட்ட கால இடைவெளியில் பயிற்சி தர வேண்டும் என்று சட்டத்தின் 30-ஆவது பிரிவு அரசைக் கட்டாயப்படுத்துகிறது. ஆண்டுக்கொரு முறை மண்டபத்தில் மைக் வைத்து ஒரு மணி நேரம் பேசி, டீ கொடுத்து, போட்டோ எடுத்துக்கொள்வது அந்தப் பயிற்சி ஆகாது.

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1987-இல், கத்தியால் தன்னையே கீறிக்கொண்டிருந்த 27 வயது இளைஞர் ஒருவரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஊர் கொதித்தது. அடுத்த ஆண்டே மனநல மருத்துவர்களையும் நோயாளிகளின் குடும்பத்தாரையும் சேர்த்துக்கொண்டு, விரும்பி முன்வரும் காவலர்களுக்கு 40 மணி நேரப் பயிற்சி தரும் முறையை அந்நகரம் தொடங்கியது. அது பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. நமக்கு அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், 100-க்கு வரும் போனை எடுப்பவர், ரோந்து வண்டியில் போகிறவர், இரவுப் பணி ஏட்டு ஆகிய மூவருக்காவது நடித்துப் பார்த்துப் பழகும் பயிற்சி வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநல மருத்துவரும், குணமடைந்து வாழும் இரண்டு பேரும், நோயாளியின் தாய் ஒருவரும் வந்து பேச வேண்டும்.

கற்றுக்கொள்ள வேண்டியவை ஒன்றும் மலையைப் புரட்டும் வித்தை இல்லை. வீட்டருகே போனதும் சைரனை நிறுத்துவது. கூட்டத்தை விலக்குவது. நாலு பேர் சூழ்ந்துகொண்டு கத்தாமல் ஒருவர் மட்டும் பேசுவது. லத்தியைக் கண்ணில் காட்டாமல் இரண்டு மூன்று எட்டு தள்ளி நிற்பது. பேர் சொல்லிக் கூப்பிடுவது. "அப்படி யாரும் உன்னைக் கொல்ல வரலைடா" என்று வாதாடாமல், "பயமா இருக்கா? நாங்க பக்கத்துலதான் இருக்கோம்" என்று சொல்வது. எத்தனை நிமிடம் ஆனாலும் அவசரப்படாமல் இருப்பது. கடைசியாக, வீட்டாரிடம் ஒரே ஒரு கேள்வி: "என்ன மாத்திரை சாப்பிடுறார்?"

அந்தக் கேள்வி உயிரைக் காக்கும். சர்க்கரை திடீரென இறங்கியவரும், வலிப்பு வந்து தெளிந்தவரும், தலையில் அடிபட்டவரும் குடிகாரர் போலவோ பித்துப் பிடித்தவர் போலவோ நடந்துகொள்வார்கள். தினமும் குடித்தவர் குடி நின்ற இரண்டாம், மூன்றாம் நாளில் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார். ஸ்டேஷனில் இதை "நடிக்கிறான்" என்பார்கள். நடிப்பு அல்ல, சிகிச்சை இல்லாவிட்டால் உயிரையே எடுக்கும் நிலை அது. வேறு வழக்கில் கைது செய்யப்பட்டவராக இருந்தாலும், கைதானதும் அரசு மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 53-ஆவது பிரிவு சொல்கிறது. சந்தேகம் வந்தால் மருத்துவமனை. மறுபடியும் சொல்கிறேன், லாக்கப் வேண்டாம்.

வீட்டார் செய்ய வேண்டியது

நெருக்கடி வருவதற்கு முன்பே ஒரு பைல் தயாராக இருக்கட்டும். முதல் தாளில் நோயின் பெயர், மாத்திரைகள், அளவு, சிகிச்சை பெறும் மருத்துவமனை, ஓ.பி. எண், ஒவ்வாத மருந்துகள் இருக்க வேண்டும். அடுத்து, நோயாளி தெளிவாக இருக்கும்போதே வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ இட்ட நியமனப் பிரதிநிதிக் கடிதம் ஒன்று. மனநலச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு இதற்கு வழி தருகிறது. முத்திரைத் தாள் தேவையில்லை. பிரதிநிதியின் எழுத்துபூர்வச் சம்மதத்தையும் சேர்த்து வையுங்கள். சமீபத்திய புகைப்படம் இரண்டு, ஆதார் நகல் ஒன்று. இவ்வளவுதான். இந்த பைல் இல்லாமல் நள்ளிரவில் தவித்தவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

நெருக்கடி வந்துவிட்டால், கையில் ஆயுதம் இல்லை, உடனடி ஆபத்தும் இல்லை என்றால் முதலில் 108 ஆம்புலன்ஸ். என்ன செய்வது என்று ஆலோசனை கேட்க 14416; அது இலவச மனநல உதவி எண். ஆபத்து இருந்தால் 100 அல்லது 112. போனில் அழுது தீர்க்காதீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: "என் மகனுக்கு மனநோய் இருக்கு. அரசு ஆஸ்பத்திரியில ட்ரீட்மென்ட். கையில ஆயுதம் இருக்கு (அல்லது இல்லை). மனநலச் சட்டம் 100-ஆவது பிரிவுப்படி பாதுகாப்புல எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உதவி வேணும்." "பைத்தியம் பிடிச்சிருச்சு, அடிக்கிறான், பிடிச்சிட்டுப் போங்க" என்று சொன்னால் வருகிறவர் லத்தியோடுதான் வருவார்.

ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றால், அதே வாசகத்தைத் தாளில் எழுதிக் கொடுங்கள். இரண்டு பிரதி எடுங்கள். எத்தனை மணிக்கு அழைத்துச் சென்றார்கள் என்ற நேரம் அதில் கட்டாயம் இருக்கட்டும். 24 மணி நேரக் கணக்கு அதிலிருந்துதான் தொடங்கும். புகார் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். தராவிட்டால் உங்கள் பிரதியை அப்போதே போட்டோ எடுத்து, மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். சென்னை போன்ற மாநகரங்களில் என்றால் காவல் ஆணையர் அலுவலகத்துக்கு. வாய்வார்த்தையாகச் சொன்ன புகாருக்கு நாளைக்குச் சாட்சி இருக்காது.

அதே நேரத்தில் இலவச சட்ட உதவி எண்ணான 15100-க்குப் பேசுங்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு, மனநோயாளிக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞரை ஏற்பாடு செய்யும். இந்த உரிமை உண்டு என்று நோயாளியிடம் எடுத்துச் சொல்வதே காவல் அதிகாரியின் கடமை என்கிறது மனநலச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு. அடி, கட்டிப்போடுதல், லாக்கப் என்று எது நடந்திருந்தாலும் மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் அனுப்பலாம். ஓராண்டுக்குள் அனுப்ப வேண்டும், கட்டணம் கிடையாது. காயம் இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டிக் காயச் சான்று வாங்காமல் வீடு திரும்பாதீர்கள். மனநலச் சட்டத்தை முதல் முறை மீறினால் 108-ஆவது பிரிவின்படி 6 மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

தற்கொலைக்கு முயன்றவர் வீட்டாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்காதீர்கள். அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 115-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவே இல்லை; அரசு ஊழியரை மிரட்டிப் பணியவைக்கச் செய்யும் முயற்சி மட்டும்தான் இப்போது குற்றம். மருத்துவமனையில் போலீஸ் வந்து வாக்குமூலம் கேட்டால் பதறாமல் உண்மையைச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத் தாமதம் உயிரைப் பறித்துவிடும்.

அக்கம்பக்கத்தாருக்கும் சொல்கிறேன். செல்போனைத் தூக்கிப் படம் பிடிக்காதீர்கள். கல்லெறியாதீர்கள். கட்டிவைத்து அடிக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், காப்பகம் என்ற பெயரில் நடந்த கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 பேர் செத்தார்கள். எந்த வடிவிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று மனநலச் சட்டத்தின் 95-ஆவது பிரிவு இன்று தடை செய்கிறது. அந்தத் தடை உங்கள் திண்ணைக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாவின் மகனை மறுநாள் பகல் இரண்டு மணிக்குத்தான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஊசி போட்டதும் தூங்கினான். பத்து நாளில் எழுந்து உட்கார்ந்து அம்மாவிடம் இட்லி கேட்டான். ஸ்டேஷனிலிருந்து அந்த மருத்துவமனை மூன்று கிலோமீட்டர். அவன் மணிக்கட்டில் துண்டு இறுகிய தழும்பு மட்டும் மாதக்கணக்கில் போகவில்லை.

காவல் துறை உயரதிகாரிகளே, 30-ஆவது பிரிவின் பயிற்சியை இந்த ஆண்டே உங்கள் மாவட்டத்தில் தொடங்குங்கள். அதுவரை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பக்கத்து அரசு மருத்துவமனையின் போன் எண்ணையும் 100-ஆவது பிரிவின் நான்கு வரிகளையும் ஒட்டிவையுங்கள். வாசகர்களே, திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் இந்தப் பயிற்சியைக் கேட்டு ஒரு மனு கொடுங்கள். இன்று இரவே அந்த பைலையும் தயார் செய்துவிடுங்கள்.