பகலில் பணி, இரவில் சட்டம்

பிலிப்பின்ஸ் தலைநகர் மணிலாவில் அலுவலகங்கள் மூடப்படும் வேளையில், சட்டக் கல்லூரிகள் பலவற்றில் வகுப்புகள் தொடங்குகின்றன. அங்கு இளநிலைப் பட்டம் பெற்ற பிறகே நான்காண்டு சட்டப் படிப்பில் சேர முடியும். எனவே, பகலில் ஊதியத்துக்கு உழைத்து, இரவில் பயிலும் மாணவர்கள் ஏராளம்.

வகுப்பறையில் விரிவுரையைவிட வினாக்களே மிகுதி. பேராசிரியர் பெயர் சொல்லி அழைத்ததும், மாணவர் எழுந்து நின்று வழக்கின் பின்னணி, அதில் எழுந்த சட்டச் சிக்கல், உச்சநீதிமன்றத்தின் தீர்ப்பு ஆகியவற்றை எடுத்துரைக்க வேண்டும். ஸ்பெயின் ஆட்சி விட்டுச்சென்ற சட்டத்தொகுப்பு மரபும், அமெரிக்க ஆட்சி தந்த முன்தீர்ப்பு மரபும் அங்கு கலந்திருப்பதால், படிப்புச் சுமை இரட்டிப்பாகிறது.

இதன் பிறகும் உச்சநீதிமன்றமே நடத்தும் வழக்குரைஞர் தேர்வு காத்திருக்கிறது. 2024-இல் அதனை எழுதிய 10,490 பேரில் தேறியவர்கள் 3,962 பேர் மட்டுமே.

கல்விக் கட்டணம் மட்டுமே செலவன்று. படிப்புக்காகக் கைவிடும் ஊதியமும் செலவே. பொருளியலில் இதனை 'வாய்ப்புச் செலவு' என்கிறோம். தேர்வுக்காகப் பல மாதங்கள் வேலையை விட்டிருக்க இயன்றவருக்கும் இயலாதவருக்கும் வினாத்தாள் ஒன்றுதான். ஆனால், ஆயத்தமாகக் கிடைக்கும் நேரம் ஒன்றல்ல.

கடுமையான தேர்வு தொழிலின் தரத்தைக் காக்கும் என்பது உண்மையே. அதற்காக வினாத்தாளை எளிதாக்க வேண்டியதில்லை. உழைக்கும் மாணவருக்கு உதவித்தொகையும் ஊதியத்துடன் கூடிய தேர்வு விடுப்பும் கிடைத்தால் போதும். வறுமையை அறிந்தவர்களும் வழக்குரைஞர்களாக வேண்டும். நீதிமன்றத்துக்கு அவர்கள் தேவை.