ஓடும் கால்களும் இறுக்கும் காலுறைகளும்

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது நம் முன்னோர் கண்ட பழமொழி. கால் வைக்கும் இடத்துக்கு மட்டுமன்று, காலில் மாட்டிக்கொள்ளும் பொருளுக்கும் இது பொருந்தும். ஓட்டப் பந்தய வீரர்களும் வீராங்கனைகளும் முழங்கால் வரை இறுக்கிப் பிடிக்கும் காலுறைகளையும், தொடையோடு ஒட்டிய கால்சட்டைகளையும் அணிந்து ஓடுவதை இன்று தொலைக்காட்சியில் காண்கிறோம். 'இதை அணிந்தால் வேகம் கூடும். மறுநாள் கால்வலியும் இராது' என்கின்றன விளம்பரங்கள். கம்மாபுரத்திலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் வந்து ஓடப் பழகும் எங்களைப் போன்ற மாணவியருக்கு, ஒரு சோடி நல்ல காலணி வாங்குவதே வீட்டில் பலமுறை யோசித்துச் செய்யும் செலவு. ஆகவே இக்காலுறை என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை என்பதை ஆராய்ந்து அறிவது நமக்கு மிகவும் பயனுடையதாகும்.

கெண்டைக்கால் என்னும் இரண்டாம் இதயம்

இரத்தம் உடலெங்கும் சுற்றி வருகிறது என்பதை 1628-ஆம் ஆண்டில் உலகுக்கு விளக்கியவர் வில்லியம் ஹார்வி. இதயத்திலிருந்து தமனிகள் வழியே பாதத்துக்கு இறங்கும் இரத்தம், சிரைகள் வழியே மீண்டும் மேலே ஏறியாக வேண்டும். புவியீர்ப்பு விசையை எதிர்த்து அது எவ்வாறு ஏறுகிறது? நெய்வேலிச் சுரங்கத்தை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்துடன் நிற்கும் ஊற்றுநீரை இடைவிடாமல் இறைத்து வெளியேற்றினால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும். நம் காலிலும் அத்தகைய ஓர் இறைப்பான் உண்டு. அதுவே கெண்டைக்கால் தசை. நாம் அடியெடுத்து வைக்கும் ஒவ்வொரு முறையும் அத்தசை சுருங்கிச் சிரைகளைப் பிழிகிறது. இரத்தம் மேலே ஏறுகிறது. ஏறிய இரத்தம் கீழே இறங்காதபடி சிரைகளின் உள்ளே சிறு கதவுகள் போன்ற வால்வுகள் தடுக்கின்றன. கெண்டைக்காலை 'இரண்டாம் இதயம்' என்று அழைப்பது மிகையன்று.

நடக்காமல் ஒரே இடத்தில் நெடுநேரம் நின்றால் இந்த இறைப்பான் ஓய்ந்து விடும். இரத்தம் காலிலேயே தேங்கும். சிரைகள் விரிந்து, வால்வுகள் பழுதடைந்து, நீல நிறத்தில் முறுக்கிக்கொண்டு தோலுக்கு வெளியே தெரியும். இதனையே நம் ஊரில் 'நரம்புச் சுருட்டல்' என்கின்றனர். உண்மையில் சுருண்டிருப்பது நரம்பன்று, சிரையே.

நீச்சல் குளம் தந்த பாடம்

காலைச் சுற்றி இறுக்கிக் கட்டும் வழக்கம் நமக்குப் புதிதன்று. இந்தியப் படைவீரர் கணுக்கால் முதல் முழங்கால் வரை நீண்ட துணிப் பட்டியைச் சுற்றிக்கொள்வர். அதைக் கண்டு ஆங்கிலேயப் படையும் ஏற்றுக்கொண்டது. 'பட்டி' என்னும் இந்திச் சொல்லே ஆங்கிலத்தில் 'பட்டீ' ஆயிற்று. முதல் உலகப் போரில் ஆயிரக்கணக்கான வீரர்கள் அதனைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தனர்.

அறிவியல் முறையில் அழுத்தக் காலுறை செய்தவர், ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த கான்ராட் ஜாப்ஸ்ட் என்னும் பொறியாளர். அவருக்கே சிரை நோய் இருந்தது. நீச்சல் குளத்தில் நிற்கும்போது மட்டும் கால்வலி தணிவதை அவர் கவனித்தார். ஆழம் கூடக்கூட நீரின் அழுத்தமும் கூடும் என்று நாம் இயற்பியல் பாடத்தில் படிக்கிறோம் அல்லவா? குளத்தில் நிற்பவரின் கணுக்காலில் அழுத்தம் மிகுதி. முழங்காலில் அதைவிடக் குறைவு. அதே முறையில், கீழே இறுக்கமாகவும் மேலே செல்லச் செல்லத் தளர்வாகவும் இருக்கும் காலுறையை 1950-ஆம் ஆண்டளவில் அவர் உருவாக்கினார். 1958-இல் டூபாண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஜோசப் ஷிவர்ஸ் கண்டுபிடித்த ஸ்பான்டெக்ஸ் என்னும் மீள்தன்மை இழை இத்தகைய ஆடைகளுக்குப் பெரிதும் கைகொடுத்தது. நோயாளிகளுக்கென்று பிறந்த காலுறை, பின்னர் விளையாட்டுத் திடலுக்கும் வந்து சேர்ந்தது.

வேகம் கூடுமா?

மராத்தான் ஓட்டத்தில் புகழ்பெற்ற இங்கிலாந்து வீராங்கனை பவுலா ராட்கிளிஃப், முழங்கால் வரையிலான காலுறையுடன் ஓடி உலகின் கவனத்தை ஈர்த்தவர். 2003-இல் லண்டனில் அவர் நிகழ்த்திய 2 மணி 15 நிமிடம் 25 நொடி என்னும் சாதனை 2019 வரை நிலைத்தது. அவருடைய வேகத்துக்குக் காலுறையா காரணம்? இல்லை என்றே ஆய்வுகள் கூறுகின்றன. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், தேர்ந்த ஓட்டக்காரர்கள் 20 பேரை இறுக்கக் கால்சட்டை அணிந்து ஒரு முறையும், அணியாமல் ஒரு முறையும் 30 நிமிடம் ஓடச் செய்தனர். தசைகளின் அதிர்வு குறைந்தது உண்மை. ஆனால் களைப்பு குறையவில்லை. இத்தனைக்கும் அந்த ஆய்வுக்குப் பொருளுதவி செய்தது விளையாட்டு ஆடைகளை விற்கும் நைக்கி நிறுவனமே!

இதன் காரணத்தை நாமே ஊகிக்கலாம். ஓடுகின்றவளின் கெண்டைக்கால் இறைப்பான் ஏற்கெனவே முழு மூச்சுடன் இயங்குகிறது. அதற்குக் காலுறை செய்யும் உதவி மிகச் சிறிதே.

வலி குறையுமா?

கடினமாக ஓடிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் மாடிப்படி இறங்க முடியாமல் தவிக்கிறோமே, அதற்கு லாக்டிக் அமிலமே காரணம் என்று பலர் நினைக்கின்றனர். அந்த அமிலம் ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் நீங்கிவிடும். தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதமும், அதனைச் சீர்செய்யும்போது உண்டாகும் அழற்சியுமே வலிக்குக் காரணம். ஓடிய பின் அழுத்த ஆடை அணிந்தால் இவ்வலி ஓரளவு குறைவதாக, பல ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளிவந்த கட்டுரை ஒன்று கூறுகிறது. ஆயினும் ஒன்றைக் கருத வேண்டும். மாத்திரையாயின் மருந்தில்லாத போலி மாத்திரையைக் கொடுத்துச் சோதிக்கலாம். இறுக்கும் காலுறையை அணிந்தவருக்குத் தெரியாமல் அணிவிக்க இயலுமோ? 'நன்மை தரும்' என்னும் நம்பிக்கையும் வலியைக் குறைக்கக் கூடும்.

1984-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 நொடியில் ஓடினார். 39 ஆண்டுகள் கழித்து, 2023-இல் ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் நம் கோவை மங்கை வித்யா ராம்ராஜ் அதே 55.42 நொடியில் ஓடி அச்சாதனையைச் சமன் செய்தார். இடையில் துணியும் காலணியும் எவ்வளவோ மாறின. மாறாதது உழைப்பு ஒன்றே. நல்ல உறக்கம், சிறிது சிறிதாகக் கூட்டும் பயிற்சி, போதிய தண்ணீர், நம் பக்கத்து மல்லாட்டையும் பயறும் முட்டையும் இவையே கால்களுக்கு முதல் மருந்து.

யாருக்கு இது தேவை?

அப்படியானால் இக்காலுறை வீண் பொருளா? அன்று! ஓடுகின்ற நம்மைவிட, நின்றுகொண்டே வேலை செய்யும் நம் அன்னையர்க்கே இது அதிகம் உதவும். துணிக்கடையில் நிற்கும் அக்காமார், செவிலியர், ஆசிரியைகள், அடுப்படியில் நிற்கும் அம்மா ஆகியோரின் கால்களை நாம் பார்த்திருக்கிறோமா? சுருண்ட சிரைகளைச் சேலைக் கரையால் மறைத்துக்கொண்டு, 'வயதானால் இப்படித்தான்' என்று அவர்கள் பேசாமல் இருந்து விடுகின்றனர். கடைகளில் பணிபுரிவோர்க்கு இருக்கை வசதி அளிக்க வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு அரசு சட்டத் திருத்தம் செய்தது. சட்டமன்றத்தில் அம்மசோதாவைக் கொண்டு வந்தவர், நம் மாவட்டத்துத் திட்டக்குடித் தொகுதியைச் சேர்ந்த அன்றைய தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன். உட்கார ஒரு நாற்காலி, எவ்வளவு விலையுயர்ந்த காலுறையைவிடவும் மேலானது.

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு." தமனி அடைப்பு உள்ளவர்களும், சர்க்கரை நோயால் கால் மரத்துப் போனவர்களும் மருத்துவரைக் கேளாமல் இதை அணிதல் ஆபத்து. காலுறையின் அளவைக் காலை அளந்தே வாங்க வேண்டும். காலையில் வீக்கம் தோன்றுமுன் சுருக்கமின்றி அணிய வேண்டும். மேல் விளிம்பைச் சுருட்டி விட்டால் அது கயிறு போல் இறுக்கி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். விரல்கள் நீலம் பாரித்தாலோ மரத்தாலோ உடனே கழற்றிவிட வேண்டும்.

ஆகவே தோழியரே, காலுறை இல்லையே என்று ஓட்டத்தை நிறுத்தாதீர்கள். இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் அம்மாவை உட்காரச் சொல்லி, அவர் கால்களைச் சற்று உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். சிரைகள் சுருண்டிருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நாம் ஓடுவதற்காக நாளெல்லாம் நிற்கும் கால்கள் அவை!