ஒரு பெட்டி, இரண்டு வாசல்கள்

புலம்பெயர்ந்த எம்மவர் வீடுகளில் தொலைக்காட்சிக்கு அருகிலோ மாடிப்படியின் கீழோ சிறிய பெட்டியொன்று விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். ரவுட்டர் எனப்படும் அப்பெட்டியை, இணையச் சேவை நிறுவனத்தார் பொருத்திவிட்டுப் போன நாளின் பின்னர் எம்மிற் பலர் திரும்பியும் பார்ப்பதில்லை. ஆயினும், ஒரு குடும்பத்தின் கடிதங்கள், வங்கிக் கணக்குகள், ஊருடனான உரையாடல்கள் யாவும் அதனூடாகவே செல்கின்றன. அவ்வாசலை எவ்வாறு பூட்டுவது, அதன் திறப்பை யாரிடம் கொடுப்பது என்பன வீட்டுத் தலைவர்கள் அறிந்திருக்க வேண்டிய விடயங்களாகும்.

வீ.பி.என். என்ற சொல் எம்மவர்க்குப் புதியதன்று. இலங்கையில் 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்ரலில் மக்கள் எழுச்சியின்போதும் அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. அவ்வேளைகளில் அங்கிருந்தோர் பலர் வெளியுலகுடன் தொடர்புகொள்ள இதனையே நாடினர்.

இதன் இயல்பை ஓர் உவமையால் விளக்கலாம். இன்று பெரும்பாலான இணையத்தளங்கள் எமது கடிதத்தை உறையிலிட்டே அனுப்புகின்றன. எனவே உள்ளிருப்பதை இடையிலுள்ளோர் வாசிக்க இயலாது. ஆனால் எத்தளத்துக்குச் செல்கிறோம் என்ற மேல்முகவரியை இணையச் சேவை நிறுவனம் பெரும்பாலும் காணும். வீ.பி.என். அவ்வுறையை இன்னொரு பெரிய உறையினுள் இட்டு ஒட்டிவிடுகிறது. அப்பொழுது நிறுவனத்துக்குத் தெரிவது பெரிய உறையின் முகவரி மட்டுமே. பரவலாக வழங்கும் ஓப்பன் வீ.பி.என். என்ற மென்பொருளை 2001இல் வெளியிட்டவர் ஜேம்ஸ் யோனன். மத்திய ஆசியாவிற் பயணம் செய்தவாறே தொலைவிலிருந்து பணியாற்றிய அவர், தமது தகவல்கள் நம்பிக்கைக்குரியனவல்லாத வலையமைப்புகளைக் கடந்து செல்வதையிட்டுக் கவலையுற்றதே அதன் தோற்றத்துக்குக் காரணமாயிற்று.

இருவேறு பணிகள்

ரவுட்டரில் வீ.பி.என். இரு விதமாக இயங்கலாம். முதலாவது கிளையன்ற். இதில் ரவுட்டர் தானே வெளியே சென்று, கட்டணம் பெறும் வீ.பி.என். நிறுவனமொன்றுடன் இணைகிறது. தனியாக மென்பொருள் ஏற்ற முடியாத தொலைக்காட்சி உட்பட வீட்டுச் சாதனங்கள் அனைத்தும் ஒரே குடையின் கீழ் வந்துவிடுகின்றன. ஆயினும், இணையச் சேவை நிறுவனத்திடமிருந்து மறைத்ததை இப்போது வீ.பி.என். நிறுவனம் காணக்கூடும். நம்பிக்கை ஒருவரிடமிருந்து மற்றொருவரிடம் மாறியதேயன்றி, நம்பவேண்டிய தேவை நீங்கிவிடவில்லை.

இரண்டாவது சேர்வர். இதில் வெளியிலிருக்கும் நாமே எமது வீட்டினுள் நுழைகிறோம். விமான நிலையத்திலோ விடுதியிலோ இருக்கும்போது எமது தொலைபேசி முதலில் வீட்டு ரவுட்டரை அடைந்து, அங்கிருந்தே இணையத்துக்குச் செல்லும். வீட்டில் சேமித்து வைத்த படங்களையும் கோப்புகளையும் பார்க்கலாம். இதற்கு வெளி வீ.பி.என். நிறுவனம் எதுவும் தேவையில்லை. ஆனால் இது வீட்டின் முகவரியை மறைப்பதில்லை. அம்முகவரியைக்கொண்டே உலகில் நடமாடச் செய்கிறது.

இரண்டும் சேரும்போது

இவ்விரண்டையும் ஒரே பெட்டியில் இயக்க முற்படுவோர் பலர் ஒரு சிக்கலைச் சந்திக்கின்றனர். தனித்தனியே ஒழுங்காக இயங்கியவை சேர்ந்ததும் வெளியிலிருந்து வீட்டை அடைய முடியாமற் போகிறது. காரணம் எளிது. கிளையன்ற் இயங்கத் தொடங்கியதும், "வெளியே செல்வன யாவும் வீ.பி.என். வழியே செல்க" என்ற விதியை ரவுட்டர் ஏற்கிறது. தொலைபேசியின் அழைப்பு வீட்டின் உண்மையான முகவரிக்கு வருகிறது, மறுமொழியோ வீ.பி.என். நிறுவனத்தின் வழியே புறப்படுகிறது. முன்வாசலில் தட்டியவருக்குப் பின்வேலியால் வெளியேறி அடுத்த தெருவிலிருந்து பதில் கூறுவது போன்றது இது. வேறொரு முகவரியிலிருந்து வரும் அம்மறுமொழி ஏற்கப்படாமற் போய்விடுகிறது.

தீர்வு ஒன்றே: வந்த வழியாலேயே மறுமொழி செல்லவேண்டும் என ரவுட்டருக்கு விதி எழுதுவது. கொள்கைவழிப் பாதையமைப்பு என்பது இதுவே. இதன்படி சேர்வரின் மறுமொழிகள் சாதாரண வழியாலும், வீட்டுச் சாதனங்களின் போக்குவரத்து வீ.பி.என். வழியாலும் செல்லும். அத்துடன், வெளியிலிருந்து வீட்டினுள் வந்தவர் அப்பால் இணையத்துக்குச் செல்ல எவ்வழியைப் பயன்படுத்துவார் என்பதையும் தீர்மானிக்க வேண்டும். கிளையன்ற் இணைப்பு அறுந்தால் போக்குவரத்தை நிறுத்திவிடும் விதியும் அவசியம். இல்லையேல் எமக்குத் தெரியாமலே எல்லாம் பழைய வழியாற் செல்லத் தொடங்கும்.

தொடங்குமுன் கவனிக்க வேண்டியவை

இணையச் சேவை நிறுவனங்கள் வழங்கும் பெட்டிகள் பலவற்றில் இவ்வசதிகள் இல்லை. ஓப்பன் டபிள்யூ.ஆர்.ரி. போன்ற இலவச மென்பொருளை ஏற்கும் ரவுட்டர் ஒன்றை வாங்கலாம். ரவுட்டர் காட்டும் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால், அது பலருடன் பகிரப்படும் முகவரியாக இருக்கக்கூடும்; அந்நிலையில் வெளியிலிருந்து நேரடியாக நுழைய முடியாது. வீட்டின் உள்முகவரிகளும் தங்குமிடத்தின் உள்முகவரிகளும் ஒரே 192.168.1 வரிசையில் அமைந்தால் குழப்பம் நேரும். வீட்டில் வேறு வரிசையை இடுவது நன்று. வெளியிலிருந்து பார்க்கும் வேகத்தைத் தீர்மானிப்பது வீட்டின் தரவேற்ற வேகமே. பி.பி.ரி.பி. என்ற பழைய முறை பாதுகாப்பற்றது, அதனைத் தவிர்க்க. 2020 மார்ச்சில் லினக்ஸ் கருவினுள் சேர்க்கப்பட்ட வயர்காட், சிறிய ரவுட்டர்களிலும் விரைவாக இயங்கும்.

திறப்பு யாரிடம்?

ஊரிலுள்ள மருமகனோ வளைகுடாவிற் பணிபுரியும் மைத்துனரோ, "உங்கள் வீட்டு இணைப்பை எனக்கும் தாருங்கள்" என்று கேட்பது இயல்பே. உதவுவதற்கு முன் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். அவர் எமது சேர்வர் வழியாக, சாதாரண வழியால் இணையத்துக்குச் செல்வாராயின், அவர் பார்ப்பதும் எழுதுவதும் தரவிறக்குவதும் எமது வீட்டு முகவரியிலிருந்தே சென்றதாகப் பதிவாகும். விசாரணை வந்தால் முதலில் தட்டப்படுவது எமது கதவே. அகதி விண்ணப்பம் முடிவாகாத நிலையில் இருப்போருக்கு இது சிறிய விடயமன்று. கேட்பவர்க்கும் ஆபத்துண்டு. ஐக்கிய அரபு இராச்சியத்தின் 2021ஆம் ஆண்டுச் சட்டம், குற்றமொன்றைச் செய்வதற்காகத் தமது இணைய முகவரியை மறைப்போருக்கு ஐந்து இலட்சம் திர்ஹாம் முதல் இருபது இலட்சம் திர்ஹாம் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது.

ஆகவே, ஒரே திறப்பைப் பலருக்கும் பகிரற்க. சாதனத்துக்கு ஒன்றாகத் தனித்தனித் திறப்புகளை உருவாக்கி, எது யாருடையது என்பதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். தொலைபேசியொன்று தொலைந்தால், அதற்குரிய பதிவை மட்டும் ரவுட்டரிலிருந்து நீக்கினால் ஏனையோர் பாதிக்கப்படார். ரவுட்டரின் கடவுச்சொல்லை மாற்றுவதும், அதன் மென்பொருளைக் காலந்தோறும் புதுப்பிப்பதும் அதற்கு முன்னரே செய்யவேண்டிய கடமைகள். பிள்ளைகள் இவற்றை அமைத்துத் தருவார்கள் என விட்டுவிடாது, அவர்கள் அமைக்கும்போது அருகிலிருந்து, எந்த வாசல் யாருக்காகத் திறந்திருக்கிறது என்று பெற்றோரும் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.